லெவல் சரி

நாராயணசாமியின் பழைய மிலிட்டரி லாரியில் மாலையில் ஊற்றிய கியர் ஆயில் காலையில் பனித்தண்ணீராக மாறியிருந்தது. ஊற்றியது தொண்ணூறாம் நம்பர் ஆயில், பாகு மாதிரிக் கெட்டி. விடிந்து கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும் குளிரில் தெளிந்த நீர் கொட்டும். அவர் ஆயில் சீலை மாற்றினார், வாஷரை மாற்றினார், கியர்பாக்ஸையே கீழே இறக்கிக் கழுவி ஏற்றினார். மறுநாளும் தண்ணீர்தான். லேத் பட்டறை ஓஸ்வால்ட் புது பிளக் கடைந்து கொடுத்துவிட்டு, "நம்ம வேலையில தப்பில்ல சாமி, வண்டிதான் சரியில்ல" என்றார். அந்தப் பேச்சு நாராயணசாமிக்குச் சுருக்கென்று தைத்தது. ஏன் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

அவர் இராணுவத்தில் இருபது வருடம் மெக்கானிக்காக இருந்தவர். ஏலத்தில் நம்பரைப் பார்த்ததுமே, லடாக்கில் தன் கை பட்ட வண்டி என்று கண்டுகொண்டு எடுத்தார். விவேக் நகரில் வீட்டுக்கு எதிரே சரிவில் நிறுத்தினார். பெண் ரக்ஷா ஊருக்கு வெளியே அத்திபெலேயில் இருக்கிறாள், ஒரு தடவையாவது இதில் ஏறிப் போய் அவள் வாசலில் இறங்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இரண்டு வருடத்தில் லாரி ஓர் அடி நகரவில்லை. அவருக்கு இரத்தக்கொதிப்பு மட்டும் வந்து சேர்ந்தது.

அடுத்து வந்த கோடையில் தெருவின் போர்வெல் வற்றியது. மனைவி பாஞ்சாலி ஒரு காலை குடத்தைக் கொண்டுவந்து கியர்பாக்ஸுக்கு அடியில் வைத்தாள். குடம் நிறைந்தது, அடுத்ததும் நிறைந்தது. ஆறு மணிக்கு பிளக்கைத் திறந்தால் பத்து மணி வரை நிற்காமல் விழுந்தது, சராசரி நூற்றுப் பன்னிரண்டு குடம். லேசாக கிரீஸ் வாசனை உண்டு, காப்பியில் தெரியாது. தெரு மொத்தமும் லாரியைக் கும்பிட, நாராயணசாமிக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்பேனரைக் கையில் எடுத்தாலே கடைசி வீட்டுச் சின்னத்தாயி ஓடி வருவாள். "அண்ணே, ரிப்பேர் கிப்பேர்னு எதையாச்சும் பண்ணிடாதீங்க, புண்ணியமாப் போகும்." ஊரிலேயே தன் வண்டி கெட்டுக் கிடக்க வேண்டும் என்று இத்தனை பேர் வேண்டிக்கொள்வது தனக்கு ஒருவனுக்குத்தான் என்று பொருமினார். அந்த வாரமே கார்ப்பரேஷன்காரர்கள் லாரிக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பதினைந்து நாளில் வண்டி ஓடாவிட்டால் காயலான் கடைக்கு.

எரிச்சலில் ஒரு மக் தண்ணீரைப் பிடித்து மடமடவென்று குடித்தார். மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்கிய பனியின் ருசி. குடித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் பாஞ்சாலி.

"லடாக்ல ஒரு திங்கக்கிழமை பரேடு. கியர்பாக்ஸ்ல ஆயில் கொறைச்சல், ஸ்டோர்லயும் இல்ல. பனிய உருக்கி ஊத்திட்டேன். தண்ணி அடியில போயிடும், ஆயில் மேல வந்து நிக்கும். சுபேதார் ஆயில் அளவு பாக்குற லெவல் ஓட்டையில விரல விட்டாரு, கறுப்பா ஒட்டுச்சு. லெவல் சரின்னு கத்துனேன். மறுநாள் நடுமலையில தண்ணி உறைஞ்சு கியர் இறுகி நின்னுடுச்சு. கேட்டாங்க. வண்டிதான் சரியில்லைன்னுட்டேன்."

"அப்புறம்?"

"அதுக்குக் கெட்ட வண்டின்னு பேர் வந்துச்சு. ஒதுக்கிட்டாங்க."

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அதுகிட்ட போய்ச் சொல்லுங்க."

லாரி வரை போனார். பம்பரில் கை வைத்தார். இப்போது சொன்னால் நாளைக்கு ஆயில் ஆயிலாகவே நிற்கும், வண்டி ஓடும், காயலான் கடையிலிருந்து தப்பும். ஆனால் தெருவுக்குத் தண்ணீர் நின்றுபோகும். அவருக்குப் பின்னால் ஏற்கெனவே முப்பது குடம் வரிசையில் இருந்தது. வாய் வரை வந்த மன்னிப்பை விழுங்கிவிட்டு, எல்லாரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே மல்லாந்து படுத்து பிளக்கைக் கழற்றினார். பதினைந்து நாளும் இதுதான் நடந்தது. அவருக்குத் தூக்கம் போயிற்று. பதினாறாம் நாள் வண்டியை இழுத்துப் போக வந்தவர்கள், சுற்றிலும் குடங்களைப் பார்த்தார்கள், தாங்கள் கொண்டுவந்த இரண்டு கேனையும் நிரப்பிக்கொண்டு, நாளை வருகிறோம் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்புறம் தினமும் கேனோடு மட்டும் வந்தார்கள்.

ஜூனில் மழை பிடித்து போர்வெல் ஊறியதும், நாராயணசாமி லாரிக்கு அடியில் படுத்து, "தப்பு என்னோடது, உன்னோடது இல்ல" என்று உரக்கச் சொன்னார். சொல்லும்போது அழுகை வந்தது, அதையும் மறைக்கவில்லை. அன்று ஊற்றிய ஆயில் மறுநாளும் ஆயிலாகவே இருந்தது. பாஞ்சாலியை ஏற்றிக்கொண்டு அத்திபெலே போய் வந்தார். மூன்றாம் கியரில் கொஞ்சம் சத்தம், மற்றபடி குறையில்லை. அந்த வருடம் முழுக்க லாரி ஓடியது.

மறு மார்ச்சில் குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று வந்த அன்று, சின்னத்தாயி காலிக் குடத்தோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நாராயணசாமி லாரியைப் பழைய சரிவிலேயே கொண்டுவந்து நிறுத்தினார், லெவல் பிளக்கைக் கழற்றி, பாஞ்சாலி கொண்டுவந்த ஒரு மக் தண்ணீரை உள்ளே ஊற்றினார். எழுந்து, காலைச் சேர்த்து விறைப்பாக நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி, "லெவல் சரி" என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் குடம் சின்னத்தாயியுடையது.