கடற்கரையில் ஒரு திருத்தம்

தலையணைக் கம்பெனியில் பஞ்சு அடைக்கும் மெஷின் மெக்கானிக்கின் கை பட்டால்தான் ஓடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதிகம் சொன்னவர் மெக்கானிக்.

அவர் லீவு போட்டால் போன் வரும். குளித்துக்கொண்டிருந்தாலும் வரும்.

"கடற்கரைக்குப் போற இந்தத் தடவையும் போன் வந்துச்சுன்னா, அடுத்த தடவை நான் தனியாத்தான் போவேன்," என்றாள் மனைவி.

முதலாளியம்மா கம்பெனிக்கென்று விக்கிப்பீடியா மாதிரி ஒரு விக்கி தொடங்கினார். அவர் உள்ளே சேர்த்தவர்கள் யாரும் செல்போனிலேயே எழுதலாம், திருத்தலாம். திருத்தியது யார் என்பதும் கீழே நிற்கும். "தெரிஞ்சதையெல்லாம் எழுதிட்டுக் கிளம்புங்க," என்றார்.

மெக்கானிக் எழுதினார். இடது பக்கம் முழங்கையால் ஒரு தட்டு. மூடியைத் திறந்து ஓர் ஊது. மறுபடி தட்டு. அவ்வளவுதான். வாழ்நாள் வித்தை பாதித் திரையைக்கூட நிரப்பவில்லை.

கடற்கரையில் போன் வாயே திறக்கவில்லை.

"மெஷின் நின்னிருக்குமோ?"

"நின்னா கூப்பிடுவாங்க."

"கூப்பிடலையே!"

"அப்ப ஓடுதுங்க."

பொறுக்காமல் அவரே சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

"அது பாட்டுக்கு ஓடுதுண்ணே. விக்கியைப் பார்த்துத் தட்டுறோம். நீங்க நிம்மதியா இருங்க."

நிம்மதி ஊசி போல் இறங்கியது.

மனைவி கால் நனைக்கப் போனாள். அவர் விக்கியைத் திறந்து, இடதை வலதாக்கினார். ஊதுவதை அடியோடு எடுத்தார். வலது பக்கம் தட்டினால் எதுவும் உடையாது. ஓடாது, அவரைக் கூப்பிடுவார்கள், அவ்வளவே. போனை மடியில் வைத்துக்கொண்டு, பிரசவ அறை வாசலில் இருப்பவர் போல் காத்திருந்தார்.

போன் அடிக்கவில்லை. விக்கிப் பக்கத்தைப் பார்த்தார். இடது இடதாகவே இருந்தது, ஊதுவதும் திரும்பியிருந்தது. மறுபடி வலதாக்கினார். கண் முன்னாலேயே இடதானது.

"எவன்டா அது, என்னோட மல்லுக்கு நிக்கிறவன்?"

கீழே திருத்தியவர் பெயர் இருந்தது: மெக்கானிக் வீட்டம்மா.

நிமிர்ந்தார். முழங்கால் தண்ணீரில் மனைவி. கையில் செல்போன்.

"உன்னை யாரு உள்ள விட்டது?"

"முதலாளியம்மாதான். நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு சொல்லி நேத்தே கேட்டு வாங்கினேன்."

"மெஷினைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"சாப்பிட உக்காந்தா போதும், போன்ல 'இடது பக்கம் தட்டுடா, முழங்கையால தட்டுடா'ன்னு கத்தினது யாரு? எனக்குத் தூக்கத்துலயே வரும்."

மெஷினுக்கும் அவர் வேண்டாம், விக்கிக்கும் வேண்டாம். மணலைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயோ, என்னங்க! செருப்பை அலை இழுத்துட்டுப் போகுது! சீக்கிரம் வாங்க!"

கூப்பிட்டுவிட்டார்கள். மெக்கானிக் பேன்ட்டைக்கூட மடிக்காமல் ஓடினார்.