ஈபன் காட்ரெலின் ஓட்டு

1864 செப்டம்பரில் ஈபனுக்கு இருபத்தொரு வயது ஆகியிருக்கும். அந்தப் பிறந்தநாள் மாலைதான் முதல் தடவையாக அந்தக் காலடி கேட்டது.

ஹைரம் காட்ரெல் சாப்பாட்டு மேசையில் இருந்தார். அவர் மனைவி டெல்ஃபி சோள ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். வெளியே வராந்தாவின் படிகளில் பூட்ஸ் ஏறியது. முதல் படி. இரண்டாவது படி உளுத்தது. அதைத் தாண்டி மூன்றாவது. பிறகு பலகைத் தரை. கதவுக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டது.

"கேட்டுச்சா?" என்றாள் டெல்ஃபி.

"என்னது?"

"யாரோ ஏறி வந்தாங்க."

"காத்து."

அவர் காதிலும் விழுந்திருந்தது. உளுத்த படியைச் சரிசெய்யாமல் தாண்டித் தாண்டி ஏறியவன் அந்த வீட்டில் ஒருவன்தான். அவர்கள் மகன் ஈபன். அவன் உள்நாட்டுப் போரில் செத்து, டென்னசியில், ஸ்டோன்ஸ் ஆற்றங்கரையில், மற்ற சிப்பாய்களோடு ஒரே நீளக் குழியில் கிடந்தான்.

அதன்பிறகு மழை நாளிலும் தவறவில்லை. பால் கறந்து முடிந்து, விளக்கு ஏற்றும் நேரத்துக்கு வரும். டெல்ஃபி கதவைத் திறந்து பார்ப்பாள். வராந்தா காலியாக இருக்கும். அவள் கதவைச் சாத்துவாள். சாப்பிடும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். இரண்டு வருஷமாக அவர் பார்க்காத தெளிவு.

ஏன் கதவுக்கு முன்னால் நிற்கிறான் என்பது ஹைரமுக்குத் தெரியும். நிற்கச் சொன்னது அவர்தான்.

அப்பனும் மகனும் போட்ட சண்டை அப்ராமைப் பற்றியது. அப்ராம் அவர் அப்பா காலத்திலிருந்து புகையிலைத் தோட்டத்தில் இருந்த அடிமை. "அப்ராம் நம்ம சொத்து இல்லப்பா. அவனுக்கு எஜமான் அவனேதான்," என்றான் ஈபன். வடக்குப் படையில் சேரப்போவதாகவும் சொன்னான். ஹைரம் கதவைக் காட்டினார். "அந்த நீல உடுப்பைப் போட்டுட்டு இந்த நிலைப்படியத் தாண்டி உள்ள வராத." ஈபன் அப்பா சொன்னதை மீறிப் பழகியவன் அல்ல. அந்த ஒன்றைத் தவிர.

அப்ராமும் இந்தக் கோடையில் ஓடிப்போய்ப் படையில் சேர்ந்துவிட்டான்.

ஜனாதிபதித் தேர்தல் நாள் காலை ஹைரம் வண்டியில் கோவேறு கழுதைகளைப் பூட்டினார். டெல்ஃபி முட்டைக் கூடையோடு வந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பாதி வழி போனதும் வாயைத் திறந்தாள்.

"யாருக்குச் சொல்லப்போற?"

"இன்னும் முடிவு பண்ணல."

"மக்லெல்லனுக்குச் சொல்லு."

மக்லெல்லன் லிங்கனை எதிர்த்து நிற்கிறவர். ஹைரம் கடிவாளத்தை இழுத்து வண்டியை நிறுத்திவிட்டார். மகன் செத்த சேதி வந்த நாளிலிருந்து, இந்தப் பாழாய்ப்போன ஊரில் லிங்கனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னவள் அவள் ஒருத்திதான்.

"நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். அவன் எதுக்கு வர்றான்னு உனக்குத் தெரியாதா? இந்த வருஷம் அவனுக்கு முதல் ஓட்டு. அதக் குடுக்க முடியாமத் தவிக்கிறான். நீ லிங்கன்னு வாய் திறந்து சொல்லிட்டா, அப்பன் சொல்லிட்டான்னு போயிடுவான். அப்புறம் வரமாட்டான்."

"டெல்ஃபி, படியில யாரும் வர்றதில்ல."

"சரி. வரலைன்னே வச்சுக்கோ. எனக்காக மக்லெல்லன்னு சொல்லிட்டு வா. உனக்கென்ன, நாலு வருஷமா அந்த ஆளத் திட்டாத நாளில்ல. சுலபமா வருமே."

சுலபமாக வரவேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு மாலையும் கதவுக்கு அந்தப் பக்கம், குளிரில், உள்ளே வரவும் முடியாமல் போகவும் முடியாமல் ஒருவன் நிற்கிறான். இவள் அவனை அங்கேயே நிறுத்திவைக்கச் சொல்கிறாள். ஹைரம் கழுதைகளைத் தட்டினார்.

கோர்ட்டு முற்றத்தில் தூறல். படியில் நாலு சிப்பாய்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். வரிசையில் விஸ்கிக் குடுவை கைமாறிக்கொண்டிருந்தது. கென்டக்கியில் சீட்டுப் போடும் வழக்கம் இல்லை. உள்ளே போய் மேசைக்கு முன்னால் நின்று, தன் பெயரையும் தான் வேண்டும் ஆளின் பெயரையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குமாஸ்தா எழுதுவார். ஜன்னலோரம் நிற்கும் ஓடிஸ் அதை முற்றத்துக்குக் கேட்கக் கூவுவான். ஓடிஸ் பன்றி ஏலம் கூவுகிறவன். காதில் விழுந்தது மூளைக்குப் போகாமலே வாய்க்கு வந்துவிடும்.

"பார்க்கர் ஸ்வோப், மக்லெல்லன்!" என்று ஜன்னல் கூவியது. முற்றம் ஆரவாரித்தது. "வில்லிஸ் கேஷ், மக்லெல்லன்!"

வரிசையில் முன்னால் நின்ற பாஸ்கம் ஹேல் திரும்பினான். மக்லெல்லன் கட்சிக்காக உள்ளே உட்கார்ந்து ஓட்டைக் கண்காணிக்கும் ஆள். குடிக்க வெளியே வந்திருந்தான்.

"ஹைரம்! என்ன, உன் அப்ராம் கையில துப்பாக்கி குடுத்த புண்ணியவானுக்கா இன்னிக்கு ஓட்டு?"

"என் ஓட்டு என் வாயில இருக்கு, பாஸ்கம். நீ உன் வாயத் தொடச்சுக்கோ. மீசையில வழியுது."

பலர் சிரித்தார்கள். பாஸ்கமும் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். லிங்கன்னு சொன்ன ரெண்டு பேர் களஞ்சியத்துல போன மாசம் தீ புடிச்சுச்சு. அது ஓட்டுக்கு முன்னால வாய்விட்டதுக்கே. பாத்துக்கோ."

ஹைரம் திரும்பி வண்டியைப் பார்த்தார். டெல்ஃபி முட்டைகளை விற்கப் போகவில்லை. கூடையை மடியில் வைத்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே அடுப்புப் புகையும் ஈரக் கம்பளி வாடையுமாக இருந்தது. குமாஸ்தா தலை நிமிரவில்லை.

"வாங்க, அங்கிள் ஹைரம். தெரிஞ்ச பேருதான், இருந்தாலும் உங்க வாயால சொல்லணும். பேரு?"

அவர் வாயைத் திறந்தார். வழி நெடுக அவர் மனத்தில் ஓடியது ஒரே பெயர்தான்.

"ஈபன் காட்ரெல்," என்றார். நிறுத்த நினைத்தார், நிற்கவில்லை. "லிங்கன்."

"ஈபன் காட்ரெல், லிங்கன்!" என்று ஓடிஸ் ஜன்னலில் கூவினான்.

முற்றத்தில் யாரும் ஆரவாரிக்கவில்லை. திட்டவும் யாருக்கும் தோன்றவில்லை. ஓடிஸின் முகம் மெல்ல வெளுத்தது. சிறு வயதில் ஈபனோடு சேர்ந்து அவனும் ஊர் ஆற்றில் மீன் பிடித்தவன். ஹைரம் ஜன்னல் வழியே பார்த்தார். டெல்ஃபி வண்டியில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கூடை கவிழ்ந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரிசையிலிருந்து ஒருவன் வருவான் அல்லவா, அப்படி ஒருவன் வருவதைப் பார்ப்பதுபோல வரிசையைப் பார்த்தாள்.

"செத்தவன் ஓட்டு!" உள்ளே திரும்பி வந்திருந்த பாஸ்கம் மேசையைத் தட்டினான். "ஆட்சேபணை! அந்தப் பையன் செத்து ரெண்டு வருஷம் ஆகுது!"

"தெரியும், உக்காரு," என்றார் குமாஸ்தா. எழுதியதன் மேல் கோடு போட்டார். "அங்கிள் ஹைரம், வாய் தவறியிருக்கும். பரவாயில்ல. உங்க பேரச் சொல்லுங்க."

"அவ்வளவுதான்."

"உங்க ஓட்டு இன்னும் இருக்கு, அங்கிள்."

"சொல்லவேண்டியதச் சொல்லியாச்சு," என்றார் ஹைரம். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். படியில் நின்ற சிப்பாய்களில் ஒருவன், வயது இருபது இருக்கும், ஒதுங்கி வழிவிட்டான்.

திரும்பும் வழியில் டெல்ஃபி அழவில்லை.

"வாய் தவறிடுச்சு," என்றார் அவர்.

"இல்ல."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னாள்: "அவன எல்லார் முன்னாலயும் கூப்பிட்டு அனுப்பி வச்சுட்ட, ஹைரம்."

அன்று மாலை விளக்கு ஏற்றினார்கள். ரொட்டி ஆறியது. படியில் எதுவும் ஏறவில்லை. மறுநாளும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் சேதி வந்தது. லிங்கன் ஜெயித்துவிட்டார். அவரை வேண்டாமென்றவை மூன்றே மாநிலங்கள். அதில் கென்டக்கி ஒன்று. மாவட்டக் கணக்கில் காட்ரெல் என்ற பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஹைரமின் களஞ்சியம் எரியவில்லை. பாஸ்கம் வழியில் பார்த்தபோது கிண்டல் செய்ய வாயெடுத்து, பிறகு தொப்பியை மட்டும் தொட்டுவிட்டுப் போனான்.

டெல்ஃபி கதவைத் திறந்துவைத்து அதற்கு எதிரே உட்காரத் தொடங்கினாள். நவம்பர் குளிர் வீட்டுக்குள் வந்து தண்ணீர் வாளியில் பனி ஏடு கட்டியது. அவர் சாத்தினால் எழுந்துபோய்த் திறந்தாள். தட்டில் வைத்தது அப்படியே இருந்தது. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. "கொஞ்சம் சாப்பிடு," என்றார். "அவன் பசியோட நின்னான், நீ பாக்கல," என்றாள். அதற்குமேல் அவரிடம் பேசவில்லை.

ஹைரமுக்கும் அந்த நேரம் வந்தால் காது நீண்டது. மகன் போய்விட்டான், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பான். அதைத்தானே அவர் கேட்டார். ஆனால் வராந்தா இப்போது வெறும் பலகையாகத்தான் இருந்தது.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி செலுத்தும் நாளுக்கு முந்தைய மாலை மழை அடித்தது. காற்று தாங்காமல் டெல்ஃபியே கதவைச் சாத்தியிருந்தாள். ஹைரம் கறந்த பாலோடு கொட்டகையிலிருந்து வந்தார். எப்போதும் பின்வாசல் வழியாகத்தான் போவார். அன்று வாளியைப் பின்வாசலில் வைத்துவிட்டு, வீட்டைச் சுற்றி முன்பக்கம் நடந்தார்.

முதல் படியில் பூட்ஸை அழுத்தி வைத்தார். இரண்டாவதைத் தாண்டினார், முழங்கால் வலித்தது. மூன்றாவது. பலகைத் தரை. கதவுக்கு ஓரடி முன்னால் நின்றார்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. பிறகு அதுவும் இல்லை. கதவின் அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. அவரும் மூச்சை அடக்கி நின்றார். தொப்பியிலிருந்து தண்ணீர் கழுத்துக்குள் இறங்கியது. உள்ளே போகக்கூடாத இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவர் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. கைபிடியில் அவள் கை படும் சத்தம் கேட்டபோது, பலகையில் ஓசை எழாமல் ஓரமாக இறங்கி இருட்டில் பின்பக்கம் போனார்.

பால் வாளியோடு உள்ளே வந்தபோது அவள் திறந்த கதவருகே நின்றிருந்தாள். முகம் நனைந்திருந்தது. அவர் பூட்ஸைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு," என்றார் ஹைரம்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து தன் தட்டை எடுத்தாள்.