சலோமாவுக்கு வாய்த்த மாப்பிள்ளை

அந்த ஆண்டு பள்ளி திறந்த அன்று, கரும்பலகைக்கு முன்னால் பலகைத் தரையைப் பிளந்துகொண்டு செலரி என்னும் தண்டுக்கீரை முளைத்திருந்தது. பென்சில்வேனியாவில், காரும் மின்சாரமும் வேண்டாமென்று பழைய முறையில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் அந்த ஊரில் செலரி என்றால் கல்யாணம். விருந்துக்கு அண்டா அண்டாவாக வேண்டும். அதனால் எந்த வீட்டுத் தோட்டத்தில் அது அளவுக்கு மீறி நிற்கிறதோ, அங்கே பெண் கொடுக்கப் போகிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். சபையில் அறிவிக்கும்வரை மாப்பிள்ளை யாரென்று கேட்பது மரியாதை இல்லை. பள்ளித் தரையில் எப்படி முளைத்தது என்றும் யாரும் கேட்கவில்லை. இந்த வருஷம் தண்டு நல்ல தடிமன் என்றார்கள்.

அந்த ஓரறைப் பள்ளிக்கு ஒரே டீச்சர் சலோமா. முப்பது தாண்டியவள். எந்தப் பையனும் ஆசைப்பட்டு அவளைக் குதிரைவண்டியில் வீடு கொண்டுவந்து விட்டதில்லை. அதில் அவளுக்குக் கவலையும் இல்லை. கல்யாணமானால் டீச்சர் வேலையை விட்டுவிட வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே பயம் அதுதான். பள்ளிக்குழுத் தலைவர் எஃப்ரேம் வந்து, செலரிதான் சொல்லிவிட்டதே, டீச்சர் வேலைக்கு வேறு பெண்ணைப் பேசி முடித்தாயிற்று என்றார்.

"எனக்குக் கல்யாணமே இல்லீங்க."

"எல்லாப் பொண்ணும் இப்படித்தாம்மா சொல்லும். என் பொண்டாட்டி கடைசி வாரம் வரைக்கும் சாதிச்சா."

அழுதுகொண்டே அவள் செலரி முழுவதையும் பிடுங்கிப் போட்டாள். மறுநாள் காலை முழங்கால் உயரம் நின்றது.

கல்யாண மாதமான நவம்பரும் வந்தது. எந்தப் பெயரும் அறிவிக்கப்படவில்லை. அவ்வளவு செலரியையும் வீணாக்க யாருக்கும் மனசில்லை, பள்ளியிலேயே கல்யாணத்தை வைத்தார்கள். பிஷப் மாப்பிள்ளை நிற்க வேண்டிய காலியிடத்தைப் பார்த்து, இவளை ஏற்கச் சம்மதமா என்ற வழக்கமான கேள்வியைக் கேட்டார். கூரையிலிருந்த மணி தானாக ஒருமுறை அடித்தது. அப்போதுதான் சலோமாவுக்கு விளங்கியது. அவளும் சம்மதம் என்றாள், வெட்கமில்லாமல், உரக்க.

கோழிக்கறியைத் தின்று முடித்த எஃப்ரேம், கல்யாணந்தான் ஆகிவிட்டதே, திங்கட்கிழமை புது டீச்சர் வரட்டும் என்று தொடங்கினார்.

"ஏம்ப்பா, புருஷன் வீட்ட விட்டு அவள எங்க போகச் சொல்ற?" என்றார் பிஷப். "இருக்கிற வீட்டுல அவ சும்மாவா உக்காந்திருப்பா?"

எஃப்ரேம் இன்னொரு கரண்டி செலரி கேட்டு வாங்கிக்கொண்டார்.

வசந்தத்தில் சலோமாவின் அப்பா சீர்க்கட்டிலையும் அலமாரியையும் வண்டியில் ஏற்றிப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போனார். கூரை ஒழுகினால், மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று ஊரே ஏணியோடு வந்தது. பனிக்காலத்தில் அவள் அடுப்பு மூட்டும் முன்பே அறை வெதுவெதுப்பாக இருந்தது. பிள்ளைகள் தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு, அவளுக்கு ஒரு வணக்கம், சுவருக்கு ஒரு வணக்கம் சொல்லி உட்கார்ந்து, கணக்கைத் தொடங்கினார்கள்.