தியானத்தில் காது கேட்குமா

ஆறு வருடமாக ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு மாரடித்தாள் அவள். பல்கலைக்கழகத்தில் பாலி மொழி ஆய்வாளர். புத்த நூல்கள் சொல்லும் தியானப் படிகளில் முதலாவதான முதல் தியானத்தில் மூழ்கியவருக்கு வெளியே எழும் சத்தம் காதில் விழுமா, விழாதா? பழைய பௌத்த சூத்திரம் ஒன்று சத்தத்தை அந்தத் தியானத்துக்கு முள் என்கிறது. கேட்பதால்தான் குத்துகிறது என்பது ஒரு கட்சி. கேட்டுவிட்டால் தியானமே கலைந்துவிட்டதாகப் பொருள் என்பது இன்னொரு கட்சி. அவள் இரண்டாவது கட்சி. நாலு அத்தியாயம் எழுதியாகிவிட்டது. ஐந்தாவது நகரவில்லை.

அவள் தியானம் செய்ததில்லை. கண்ணை மூடினால் தூங்கிவிடுவாள். அதெல்லாம் கணவனுக்கு. பள்ளியில் கணக்கு வாத்தியார். சாயங்காலம் வந்ததும் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்வான். அந்த நேரம் சமையலும், கூடவே இருக்கும் அவளுடைய அப்பாவும் அவள் பொறுப்பு.

அன்று துறைக் கூட்டம் இழுத்துவிட்டது. அவள் வீட்டுக்கு வந்தபோது குளியலறைத் தரையில் அப்பா சுவரோடு சாய்ந்திருந்தார். வழுக்கி விழுந்து இருபது நிமிடமாம். ஐந்தாறு தடவை மருமகனைக் கூப்பிட்டுப் பார்த்து, தொண்டை வற்றி விட்டுவிட்டாராம். அவள் போய்க் கதவைத் தட்டிய பிறகுதான் கணவன் வெளியே வந்தான்.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட அப்பாவை உள்ளே கூட்டிப் போனார்கள். வெளியே காத்திருந்தவளுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. கேட்கவில்லை என்று அவன் சொல்லிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் அவனும் தப்பித்தான், அவள் அத்தியாயமும் தப்பித்தது. அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது.

“அப்பா கூப்பிட்டது காதுல விழுந்துச்சா?”

அவன் தரையையே பார்த்தான். “விழுந்துச்சு. ஒவ்வொரு தடவையும் விழுந்துச்சு. யாரோ யாரையோ கூப்பிடற மாதிரி இருந்துச்சு. எழுந்திரிக்கணும்னே தோணல.”

“அப்போ அதுக்குப் பேரு தியானமா?”

“தெரியல. நல்லா இருந்துச்சு, அதான் பயமா இருக்கு.”

கட்டோடு வெளியே வந்த அப்பா மருமகனின் முகத்தைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு முக்தி கிடைக்கிற வரைக்கும் தரையிலேயே குந்தியிருக்க வேண்டியதுதான் என்று நினைத்தாராம். சொல்லிவிட்டு அவர் மட்டும் சிரித்தார்.

அதன்பிறகு அவன் தியானத்தில் உட்காரவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை, அவனாகவே நிறுத்திவிட்டான். சாயங்காலங்களில் அப்பாவைக் குளிப்பாட்டி, சட்டைப் பொத்தான் போட்டுவிட்டான். ஒரு நாள் தயங்கித் தயங்கி, தனக்கு நடந்ததை ஆய்வில் சேர்க்கப் போகிறாளா என்று கேட்டான்.

“நீங்க சூத்திரம் இல்லீங்க,” என்றாள். அவன் எட்டியது முதல் தியானமா, வெறும் அசட்டையா என்று யார் சொல்ல முடியும்? ஆனால் பழைய தைரியத்தோடு அவளாலும் எழுத முடியவில்லை. இரண்டு வாசிப்புக்கும் இடமிருக்கிறது, சொற்களை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது என்று ஐந்தாவது அத்தியாயத்தை முடித்து, வழிகாட்டிப் பேராசிரியருக்கு அனுப்பினாள்.

இதைச் சொல்லவா ஆறு வருடம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஆமாம் சார் என்று எழுதி அனுப்பிவிட்டு, சாப்பிடக்கூட எழாமல் படுத்துவிட்டாள்.