சுபா அச்சு

கீரனூர் சோலையப்பன் திருச்சிக் கல்லூரி ஒன்றில் ஆய்வக உதவியாளர். ஜப்பான்காரர்களின் பழைய உலோக வேலைப்பாடு என்றால் அவருக்குப் பைத்தியம். வெண்கலக் கொக்கு, இரும்புக் கெண்டி, செம்புத் தவளை என்று வீட்டில் கால்வைக்க இடமில்லாமல் போனதும் மனைவி கலைமதி ஒருநாள் சொல்லிவிட்டாள்.

"இனி ஒரு இரும்பு இந்த வாசப்படியத் தாண்டுச்சு, நான் திருவரங்குளத்துக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன். அந்தத் தவளை ஒங்களுக்குச் சோறு பொங்கட்டும்."

அப்படியிருந்தும், காரைக்குடிப் பழைய சாமான் கடையில் 'சுபா'வைப் பார்த்ததும் அவர் கை சும்மா இருக்கவில்லை. சுபா என்பது ஜப்பான் வாளில் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே மாட்டும் வட்டத் தகடு. நடுவில் வாள் நுழையத் துளை. சுற்றிலும் பதினாறு இதழ்த் துளைகளாக வெட்டிய செவ்வந்தி.

வாசலிலேயே கலைமதி பிடித்துக்கொண்டாள்.

"கையில என்ன அது?"

"முறுக்கு அச்சு" என்றது சோலையப்பனின் வாய், அவரைக் கேட்காமலே. "ஒனக்குத்தான். சுபா அச்சு. ஜப்பான் கம்பெனி."

பதினெட்டு வருசத்தில் அடுப்படிக்கென்று அவர் வாங்கிவந்த முதல் சாமான். கலைமதி பூரித்துப்போய் அதை முறுக்கு டப்பாவில் பத்திரப்படுத்தினாள். திருப்பிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

திருச்சியில் பழம்பொருள் சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அசல் பொருள் ஒன்றாவது வைத்திருந்தால்தான் உறுப்பினர். அவருடைய கொக்கை, "இது போன வருசத்துக் கொக்கு" என்று திருப்பியனுப்பியவர் தலைவர் ஞானமணி. அவரே சுபாவைப் பார்க்க வருவதாகச் சொன்னதிலிருந்து சோலையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலை ஞானமணி வந்தார். டப்பாவைத் திறந்தால் காலி.

"அதுவா? பக்கத்து வீட்டு அடைக்கலமேரி வாங்கிட்டுப் போனா. மகனுக்குச் சர்ச்சுல புதுநன்மை குடுக்குறாங்கள்ல, அந்த விருந்துக்கு முறுக்குச் சுடுறா" என்றாள் கலைமதி.

மூவரும் ஓடினார்கள். எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது.

"வாங்கண்ணே!" அடைக்கலமேரி குழலை அமுக்கினாள். "எங்க பெரிய குழலுக்கு அளவெடுத்த மாதிரி ஒக்காந்துருச்சு. நடுவுல ஒரு பட்டை வருது பாருங்க, அதுக்குத்தான் பிள்ளைக அடிதடி."

ஞானமணி ஒரு முறுக்கை எடுத்து இழைகளை எண்ணினார். பதினாறு. நடுப்பட்டையை விரலால் அளந்தார், வாளின் அகலம். பிறகு தகட்டைக் கழற்றித் துடைக்கச் சொன்னார். துருவுக்குள் மறைந்து கிடந்த கொல்லனின் கையெழுத்து, அரிசிமாவு அடைத்து வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

"சோலையப்பன்..." ஞானமணி தகட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். "இது என்னன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

சோலையப்பன் தலைவரைப் பார்த்தார். பின்னால் பெருமையாக நின்ற கலைமதியைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் சங்கம் கிடைக்கும். சோற்றுக்குத் தவளைதான்.

"முறுக்கு அச்சுங்க" என்றார், கண் கலங்க.

ஞானமணிக்குக் கல்யாணமாகி நாற்பது வருசம். இருவரையும் மாறிமாறிப் பார்த்தவர் தொண்டையைச் செருமினார்.

"அச்சேதான், தாயி. ஒசத்தி அச்சு. எங்க வீட்டுல கூட ஒண்ணு இருக்கு, இடியாப்பத் தட்டு. எங்க சங்கத்துக்கு இவரு மாதிரி ஆளுதான் வேணும். அடுத்த ஞாயிறு அனுப்பிவைங்க."

அடுத்த ஞாயிறு திருச்சி பஸ்ஸில் புது உறுப்பினர் மடியில் சுபா பூட்டிய குழலையும் தூக்குச்சட்டி நிறைய மாவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முறுக்குச் சங்கத்துக்கு வெறுங்கையோட போனா என்ன மரியாதை?" சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள் கலைமதி. "மாவு மிச்சமில்லாமச் சுட்டுட்டு வாங்க!"