கொழுந்து எழுத்தில் ஒரு பலகை

நுவரெலியாவில் நான் வேலை செய்யும் அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். மாதம் முடிந்தால் சம்பளம் தருவது அதுதான். தோட்டப் பாதைகளுக்குப் புதுப் பெயர்ப்பலகை போடவென்று அங்கே ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் குகநேசன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், கூட்டம் என்றால் உயிர். குழுவுக்குத் தட்டச்சு செய்ய, பெற்றீசியா என்கிற நான்.

எனக்கு அந்தக் குழுவிடம் ஒரே ஒரு பலகைதான் வேண்டியிருந்தது. வட்டவளைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் பாதை இரண்டாகப் பிரியும். இடதுபக்கம் போனால் கீழ் டிவிசன், எங்கள் லய வரிசை வீடுகள். வலதுபக்கம் மேல் டிவிசன். போன வருடம் என் தம்பி மிலானின் மனைவி ஜொய்சிக்கு வலி வந்தபோது, அம்புலன்ஸ் மூடுபனியில் வலதுபக்கம் ஏறிவிட்டது. திரும்பி வர நாற்பது நிமிடம். பிள்ளை தங்கவில்லை. குழு அமைத்தபோது ஜொய்சிக்கு மறுபடியும் ஐந்து மாதம். பலகை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த நாற்பது நிமிடம்தான் ஞாபகம் வரும்.

குழுவுக்கு அப்படி எந்த ஞாபகமும் இல்லை. கொழும்பிலிருந்து உமாசுதன் என்ற எழுத்துரு வடிவமைப்பாளரை வரவழைத்தார்கள். அவர் நான்கு நாள் ஹோட்டலில் தங்கி, தேயிலைச் செடிகளைப் படம் பிடித்து, 'கொழுந்து' என்று ஓர் எழுத்துரு செய்துகொண்டு வந்தார். எழுத்துகளின் வால்கள் எல்லாம் கொடியாகச் சுருண்டு கிடந்தன. புள்ளி வைக்க வேண்டிய இடமெல்லாம் குட்டி இலை. நிறம் பச்சை, மங்கிய பழுப்பின் மேல். மலை முழுக்கப் பச்சையாக இருக்கிற ஊரில் பச்சையால் எழுத ஒரு தைரியம் வேண்டும்.

"இதில மலையகத்தின்ர ஆன்மா இருக்கு" என்றார், ஒரு நாள்கூடக் கொழுந்து கிள்ளாத விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டி.

"தெளிவுக்கு நாற்பது புள்ளி, தனித்துவத்துக்கு அறுபது" என்று குகநேசன் சேர் தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் கைதூக்கினார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "சேர், மூணு மணி மூடுபனியில வச்சுப் பாத்தீங்களா?"

"அதுக்கென்ன பிள்ளை, பாப்பம்."

மண்டபத்து விளக்குகளை அணைத்தார்கள். திரைச்சீலைகளை இழுத்துவிட்டார்கள். மாதிரிப் பலகையைச் சுவரில் சாத்திவைத்து, கடைசி வரிசையில் நின்று ஒரே குரலில் வாசித்தார்கள்: "கீழ் டிவிசன்!" வாசிக்காமல் என்ன செய்வார்கள்? இரண்டு மாதமாக அந்த இரண்டு சொல்லைத்தானே பேசிக்கொண்டிருந்தார்கள். வெறும் தகரத்தைச் சாத்தியிருந்தாலும் வாசித்திருப்பார்கள்.

திறப்பு விழா எங்கள் கீழ் டிவிசன் பெரட்டுக்களத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அதே இடத்தில். பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் பாதையோரக் கற்களுக்கெல்லாம் வெள்ளையடிப்பது தோட்டத்து வழக்கம். வெள்ளைக்காரத் துரை போய் எத்தனையோ காலம், சுண்ணாம்பு வாளி மட்டும் போகவில்லை. புதுப் பலகை நட்டிருந்த, பாதை பிரியும் இடம்வரை மிலானும் நான்கு பேரும் இரண்டு நாள் குனிந்து குனிந்து பூசினார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்கு அலுவலக வான் வண்டி மலை ஏறியது. சாரதி நிரோஷன் கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான். முன்சீற்றில் நான். வழிகாட்ட ஏற்றவில்லை, மாலைகளை மடியில் வைத்திருக்க ஏற்றினார்கள். பனி கனத்துவிட்டது. பாதை பிரியும் இடத்தில் பச்சையாக ஏதோ ஒன்று மிதந்தது. நிரோஷன் பிரேக்கை மிதித்து எட்டிப் பார்த்தார்.

"ஏதோ தேயிலைக் கம்பனி விளம்பரம்போல" என்று சொல்லி வானை வலதுபக்கம் திருப்பினார்.

பின்சீற்றில் குகநேசன் சேரும் உமாசுதனும் தனித்துவம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மாலைகளை இறுக்கிப் பிடித்தபடி வாயைப் பூட்டிக்கொண்டேன். இருபது நிமிடம் கழித்து மேல் டிவிசனில், ஒரு மாட்டுக் கொட்டிலுக்கு முன்னால் வான் நின்றது. வரவேற்க ஒரு பசு மட்டும் இருந்தது.

"உமக்கு வழி தெரியுமெல்லோ? ஏன் சொல்லேல்லை?" என்று சேர் சீறினார்.

"பலகை சொல்லும்னு இருந்தேன் சேர்."

அந்த ஒரு பதிலுக்காக என்னை எந்த மூலைக்கு இடமாற்றினாலும் பரவாயில்லை என்றிருந்தது.

இனி எழுத்தை மாற்றுவார்கள் என்று நம்பினேன். அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானம் எடுத்தார்கள். ஒன்று, 'முன்னால் பெயர்ப்பலகை உண்டு' என்று நூறு மீற்றருக்கு முன்னால் இன்னொரு பலகை, அதே எழுத்துருவில். இரண்டு, குழுவின் கடிதங்களும் இனிமேல் கொழுந்து எழுத்துருவில்தான் போக வேண்டும். அன்று அறைக்கு வந்து, மிலானுக்குத் தொலைபேசி எடுத்து அழுதேன். ஜொய்சிக்கு அப்போது எட்டரை மாதம்.

"அழாதக்கா. சுண்ணாம்பு மிச்சம் இருக்கு" என்றான்.

பாதை பிரியும் இடத்தில் ஒரு கரும்பாறை உண்டு. அதில் கை நீளத்துக்கு எழுதிவிட்டான்: கீழ் டிவிசன். ஓர் எழுத்துப் பெரிது, ஓர் எழுத்துச் சிறிது. அம்புக்குறி விளக்குமாறு மாதிரி. இவ்வளவு அசிங்கமான எழுத்தை நான் பார்த்ததில்லை. மூன்றாம் வாரம் ஜொய்சிக்கு வலி கண்டது. பிற்பகல், அதே பனி. அம்புலன்ஸ் வேகத்தைக்கூடக் குறைக்காமல் இடதுபக்கம் திரும்பியதாம். பெண் பிள்ளை பிறந்தது. பிரேமினி என்று பெயர் வைத்தார்கள். தொலைபேசியில் அவள் அழுகையைக் கேட்டு நானும் அழுதேன்.

பாறையைப் பற்றி யாரோ குழுவுக்குச் சொல்லிவிட்டார்கள். 'அனுமதியற்ற, சீரற்ற எழுத்து. பதினான்கு நாட்களுக்குள் அழிக்கவும். தவறின் நடவடிக்கை.' இதை என் தம்பிக்கு அனுப்பும்படி என்னிடமே தந்தார் குகநேசன் சேர். ஒரு சொல்லையும் மாற்றாமல் தட்டச்சு செய்தேன். தீர்மானத்தையும் மீறவில்லை. கொழுந்து எழுத்துருதான், இருப்பதில் சிறிய அளவு, பச்சை மை. சேர் பார்த்துவிட்டு, "வடிவா இருக்கு பிள்ளை" என்று ஒப்பமிட்டார்.

நான்கு நாள் கழித்து மிலான் பேசினான்.

"அக்கா, ஒங்க ஆபீஸ்ல இருந்து ஒரு கடுதாசி வந்திருக்கு. இலையும் கொடியுமா கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. லயத்துல எல்லாரும் வாங்கிப் பாத்துட்டாங்க, ஒருத்தருக்கும் வாசிக்க முடியல. என்ன எழுதியிருக்காங்க?"

"எனக்கும் வாசிக்க முடியலடா" என்றேன். "மழைக்குச் சுண்ணாம்பு கரைஞ்சிருக்கும். இன்னொரு தடவை பூசிரு."