திருப்பி வைத்த போதிகை

என் மச்சானுக்கு அழகுப் பைத்தியம். கல் வேலைக்கு அது ஆகவே ஆகாது.

கோயிலின் முன்மண்டபத்தைப் பிரித்து, மறுபடி அடுக்கும் வேலை எங்களுடையது. அவன்தான் மேஸ்திரி, என் மனைவிக்கு அண்ணன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு, அதனால் வா, போ தான்.

தூணின் தலையில் போதிகை உட்காரும். அதன் இரண்டு கைகளும் பக்கவாட்டில் நீண்டு, மேலே படுக்கும் உத்திரங்களைத் தாங்கும். கைநுனியில் தொங்கும் பூமொட்டு வெறும் ஒப்பனை. மொட்டு வாசலைப் பார்த்தால் எடுப்பாக இருக்குமென்று, நான் காய்ச்சலில் கிடந்தபோது நடுத்தூணின் போதிகையைக் குறுக்கே திருப்பி வைத்துவிட்டான். கைகள் வெறுங்காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டு உத்திரங்களின் முனைகளும் நடுவில் ஒரு விரல்கடை விளிம்பைத் தொற்றிக்கொண்டு நின்றன. காய்ச்சலோடு வந்து பார்த்தவன் நேரே அவனிடம் போனேன்.

"மச்சான், கூரைய இறக்கிடு."

"திறப்பு விழாவை வச்சுக்கிட்டா? உனக்குக் காய்ச்சல் இன்னும் விடல மாப்ளே."

"மேல இருக்கறது பஞ்சு மூட்டை இல்லடா."

"எல்லாரும் மொட்டைத்தான் பார்த்து மெச்சுறாங்க. வாயை மூடு."

ஆத்திரத்தில் உளியை வீசிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து விளிம்பு நொறுங்கி, அந்தத் தூணடியில் மாவு போலக் கல்தூள் உதிர்ந்தது. அவன் காலால் தள்ளிவிட்டு நடந்தான். பெருமை பேசும் வாய்க்குக் கண் தெரியாது போலிருக்கிறது.

விழாவன்று எனக்கு முன்னாலேயே கிளம்பிப்போன மனைவி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கூட்டம். நான் தள்ளிக்கொண்டு ஓடினேன். மச்சான் புதுச்சட்டையில் நடுத்தூணில் சாய்ந்து எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தான். மேலே ஏதோ முனகியது. அவன் அண்ணாந்து பார்த்தான். முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, நிறம் மட்டும் வெளுத்துப்போனது.

சொல்வானா, மாட்டானா? சொன்னால் இத்தனை பேர் முன்னால் மானம் போகும். அந்த ஒரு நொடியில் அவனைக் கொன்றுபோடலாம் போலிருந்தது எனக்கு.

"பாப்பா, உள்ள வராத!" என்று தங்கையைப் பார்த்து அலறினான். "யாரும் வராதீங்க! போதிகைய நான் தப்பா வச்சுட்டேன்!"

கூட்டம் பின்வாங்கியது. மனைவியையும் குழந்தையையும் வெளியே இழுத்துவிட்டு அவனிடம் கை நீட்டினேன். "வாடா மச்சான். ஓடி வா."

அவன் அசையவில்லை. முதுகைத் தூணோடு அழுத்திக்கொண்டு நின்றான்.

"நான் நகர்ந்தா விழுந்துடும் மாப்ளே."

இருபது வருஷமாகக் கல் தூக்குகிறவன். ஒரு முதுகு எதைத் தாங்கும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்தும், தான் வைத்த தப்பைத் தானே தாங்க நின்றான். நான் கெஞ்சினேன், திட்டினேன். அவன் தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.